சங்கக் கணக்கை டிவிடியில் பத்திரப்படுத்துவது எப்படி? புதிய செயலாளர், பொருளாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

தோட்டத்து ஆலயத்திலோ, மரண சகாய சங்கத்திலோ, தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலோ இந்த ஆண்டுதான் பொறுப்பேற்றிருக்கிறீர்களா? உங்கள் கைக்கு ஒரு பழைய கணினி வந்திருக்கும். உறுப்பினர் பட்டியல், சந்தாக் கணக்கு, நன்கொடை ரசீதுகள், கூட்டக் குறிப்புகள் எல்லாம் அதற்குள் இருக்கும். கூடவே நாலைந்து டிவிடிகளையும் கொடுத்து, "பழைய கணக்கெல்லாம் இதில் பத்திரமாக இருக்கிறது" என்று சொல்லியிருப்பார்கள். தயவுசெய்து அந்தச் சொல்லை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

சுங்கை சிப்புட்டில் நான் பொறுப்பேற்ற சங்கத்தின் கணினி ஒருநாள் அடியோடு நின்றுபோனது. கைமாறி வந்த வட்டுகளை வைத்துக் கணக்கை மீட்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. சில வட்டுகளில் எதுவுமே எழுதப்பட்டிருக்கவில்லை. சிலவற்றில் கோப்புகள் இருந்தன, அவற்றைத் திறக்கும் நிரல் எங்களிடம் இல்லை. தோட்டங்கள் விற்கப்பட்டு, லயத்து வீடுகள் இடிக்கப்பட்டு, குடும்பங்கள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் பிரிந்துபோன பிறகு, யார் எந்த ஆண்டிலிருந்து சந்தா கட்டினார்கள் என்பதை வீடு வீடாகக் கேட்டுத் திரட்ட முடியாது. ஒரு தாய்க்குச் சேர வேண்டிய சகாய நிதி, திறக்காத ஒரு கோப்பால் தடைபடக் கூடாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பென் டிரைவ் போதாதா என்று கேட்பீர்கள். பென் டிரைவை யாராவது எடுத்து வேறு வேலைக்குப் பயன்படுத்துவார்கள், அழிப்பார்கள், வைரஸ் பிடித்த கணினியில் செருகுவார்கள். ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய வட்டில், எழுதி மூடிய தரவைப் பின்னால் எந்த நிரலாலும் மாற்ற முடியாது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸாலும் அதைத் தொட முடியாது. கணக்குக்கு இந்தக் குணம் பெரிய பாதுகாப்பு. ஆனால் வட்டு மட்டுமே போதும் என்று இருந்துவிடாதீர்கள். கணினியில் ஒரு பிரதி, வட்டில் ஒரு பிரதி, வேறு ஊரில் ஒரு பிரதி, இவ்வளவும் வேண்டும்.

1. எதைச் சேமிக்க வேண்டும் என்று கண்டுபிடியுங்கள்

பெரும்பாலான தோல்விகள் வட்டைத் தொடுவதற்கு முன்பே நடந்துவிடுகின்றன.

கணினித் திரையில் கணக்கு நிரலின் சின்னம் இருக்கிறது. அதைப் பிடித்து இழுத்து வட்டில் போட்டால் வட்டில் போய்ச் சேர்வது வெறும் குறுக்குவழி. அதன் அளவு இரண்டு மூன்று கிலோபைட்தான் இருக்கும். உங்கள் பத்தாண்டுக் கணக்கு கணினியின் வேறொரு மூலையில் அப்படியே கிடக்கும். எந்தக் கோப்பையும் சேமிக்கும் முன் அதன் அளவைப் பாருங்கள். நூற்றுக்கணக்கான உறுப்பினர்களின் கணக்கு இரண்டு கிலோபைட்டில் அடங்காது.

யுபிஎஸ், எஸ்க்யூஎல் அக்கவுண்ட், ஆட்டோகவுண்ட் போன்று நம் மலேசியாவில் புழங்கும் கணக்கு நிரல்கள் எல்லாவற்றிலும் 'பேக்கப்' என்ற வசதி உண்டு. அதைத்தான் பயன்படுத்த வேண்டும். தரவுக் கோப்பை நேராகத் தேடிப்போய் நகல் எடுக்காதீர்கள். சில நிரல்களை மூடிய பிறகும் அவற்றின் தரவுத்தளச் சேவை பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும். அப்போது எடுத்த நகல் பாதி பழையதும் பாதி புதியதுமாக அமைந்துவிடும். பார்வைக்கு முழுக் கோப்பாகத் தெரியும், திறக்கும்போது பிழை காட்டும்.

மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் அல்லது எக்செல் வைத்திருப்பவர்கள், தரவுக் கோப்பு இருக்கும் கோப்புறையில் அதே பெயரில் ஒரு சிறு பூட்டுக் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் யாரோ இன்னும் அதைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று பெரும்பாலும் கொள்ளலாம். எக்செலின் பூட்டுக் கோப்பு மறைந்திருக்கும், மறைந்த கோப்புகளைக் காட்டச் சொன்னால்தான் தெரியும். எல்லாக் கணினிகளிலும் மூடிய பிறகு நகல் எடுங்கள்.

தரவோடு சேர்த்து வட்டில் ஏற வேண்டியவை இன்னும் உண்டு. நிரலை நிறுவும் கோப்பு, அதன் பதிப்பு எண், உரிம எண், உள்நுழையும் பெயர் ஆகியவை. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டதால், பல ஆலய அலுவலகங்களில் கணினியை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். புதிய கணினியில் பழைய நிரல் ஓடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆகவே நிரலே இல்லாவிட்டாலும் படிக்கக்கூடிய ஒரு பிரதி கட்டாயம் வேண்டும். உறுப்பினர் பட்டியலையும் பேரேட்டையும் சிஎஸ்வி கோப்பாகவும் (அட்டவணையை வெறும் எழுத்தாக வைக்கும் வகை) பிடிஎஃப் கோப்பாகவும் வெளியே எடுங்கள். சிஎஸ்வியை எந்தக் கணினியிலும் திறக்கலாம். பிடிஎஃப் அப்படியே அச்சுக்குப் போகும்.

தமிழில் எழுதிய பழைய கூட்டக் குறிப்புகள் இருந்தால் இன்னொரு கவனம் வேண்டும். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துக் குறியீடு பரவலாகும் முன், முரசு அஞ்சல் போன்ற மென்பொருள்களின் அக்கால எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை நம்மிடம் ஏராளம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பக்கம் முழுவதும் புரியாத குறிகளாகத் தெரியும். எழுத்துரு இன்னும் இருக்கும் பழைய கணினியிலேயே அவற்றைத் திறந்து, எழுத்துருவை உட்பொதித்த பிடிஎஃப் ஆக மாற்றுங்கள். எழுத்துருக் கோப்பையும் வட்டில் சேர்த்துவிடுங்கள். அந்தக் கணினியைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது.

2. வாங்க வேண்டியவையும் செலவும்

இப்போது வரும் மடிக்கணினிகளில் வட்டு எழுதும் கருவி இருப்பதில்லை. யூஎஸ்பி வழியாக இணைக்கும் டிவிடி ரைட்டர் ஒன்று வேண்டும். தெரிந்த நிறுவனத்தின் கருவி ஏறக்குறைய 100 முதல் 160 ரிங்கிட் வரை ஆகும். இணையத்தில் இதைவிட மலிவாகவும் கிடைக்கும். மலிவான பெயரற்ற கருவியில் எழுதிய வட்டை அதே கருவி மட்டுமே படிக்கும் நிலை வரலாம், ஆகவே இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

வட்டுக்கு வருவோம். சிடி 700 மெகாபைட் கொள்ளும். ஓரடுக்கு டிவிடி 4.7 ஜிகாபைட். ஓரடுக்கு புளூ-ரே 25 ஜிகாபைட். ஒரு சங்கத்தின் கணக்குக்கும் ஆவணங்களுக்கும் டிவிடி தாராளம். விழாப் படங்களும் காணொளிகளும் சேர வேண்டுமானால்தான் புளூ-ரே பற்றி யோசியுங்கள், அதற்குக் கருவியின் விலையே பல மடங்கு. டிவிடி ஒன்று சில்லறையில் ஒன்றிரண்டு ரிங்கிட்தான். பெட்டியாக வாங்கினால் இன்னும் குறையும், ஆனால் உங்களுக்கு ஆண்டுக்கு நாலைந்து வட்டுக்கு மேல் தேவைப்படாது. எழுதாத வட்டும் காலப்போக்கில் கெடும் என்பதால் சேர்த்து வைப்பதில் பயனில்லை.

கடையில் 'ஆர்' என்று முடியும் வட்டைக் கேளுங்கள். 'ஆர்டபிள்யூ' என்று இருந்தால் அது அழித்து எழுதும் வகை. அதை நெடுநாள் சேமிப்புக்கு வாங்காதீர்கள். வழக்கமான வட்டுகளில் உள்ள கரிமச் சாயத்துக்குப் பதிலாகக் கனிம அடுக்கில் எழுதும் 'எம்-டிஸ்க்' என்ற வகையும் உண்டு. விலை அதிகம். நிரந்தரமான ஆவணங்களுக்கு, அதாவது சங்க அமைப்பு விதி, நிலப் பட்டா நகல், பதிவுச் சான்றிதழ் போன்றவற்றுக்கு அதில் ஒரு பிரதி எடுப்பதை நான் சிபாரிசு செய்வேன். அதை எழுதும் வசதி உங்கள் கருவிக்கு உண்டா என்று வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

சந்தை சுருங்கிவருகிறது என்பதையும் மனத்தில் வையுங்கள். பானாசோனிக் 2023-லும் சோனி 2025 பிப்ரவரியிலும் பதிவு செய்யும் புளூ-ரே வட்டுகளின் தயாரிப்பை நிறுத்திவிட்டன. டிவிடி இன்னும் கிடைக்கிறது. சிறிய ஊர்க் கடைகளில் அலமாரியில் பல ஆண்டு கிடந்த சரக்கை எடுத்துக் கொடுப்பார்கள், வெயில் படும் கண்ணாடி அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். ஈப்போ போகும்போது புதுச் சரக்காகப் பார்த்து வாங்கி வருவது நல்லது.

3. முதலில் வன்தட்டில் தயார் செய்யுங்கள்

எந்த நிரலிலிருந்தும் நேராக வட்டுக்குச் சேமிக்காதீர்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வையுங்கள். கணக்கு நிரல்கள் சேமிக்கும்போது தற்காலிகக் கோப்புகளை உண்டாக்கும், அழிக்கும், பெயர் மாற்றும். வட்டு அதற்கு ஏற்ற இடமில்லை.

வன்தட்டில் ஆண்டின் பெயரில் ஒரு கோப்புறை திறந்து, பேக்கப் கோப்பு, சிஎஸ்வி, பிடிஎஃப், நிரல், எழுத்துரு எல்லாவற்றையும் அதில் அடுக்குங்கள். கூடவே ஒரு எளிய உரைக் கோப்பில், என்ன இருக்கிறது, எந்த நிரலின் எந்தப் பதிப்பு, யார் எப்போது எழுதினார்கள் என்று குறித்து வையுங்கள். உங்களுக்குப் பிறகு வருபவர் முதலில் திறக்கப்போவது அதைத்தான்.

கோப்புப் பெயர்களைச் சிறியதாக வையுங்கள். வட்டில் கோப்புகளைப் பதியும் முறைகளில் ஒன்று ஜோலியட். அந்த முறையில் எழுதும் வட்டில் ஒரு பெயருக்கு 64 குறிகள்தான் இடம். தமிழில் 'கூ' என்ற ஓர் எழுத்தே இரண்டு குறிகளாகக் கணக்கிடப்படும். 'ஆண்டுப் பொதுக்கூட்ட வரவு செலவு அறிக்கை' என்று முழுசாக எழுதி, பின்னால் தேதியும் சேர்த்தால் எல்லையை நெருங்கிவிடுவீர்கள், இன்னும் ஓரிரு சொல் சேர்ந்தால் பெயரின் வால் வெட்டுப்படும். யூடிஎஃப் என்ற இன்னொரு முறையில் இடம் அதிகம், நாலு ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பையும் அது தாங்கும்.

பிறகு 'செவன்-ஜிப்' என்ற இலவச நிரலை நிறுவி, அந்தக் கோப்புறையின் மீது வலப்பக்கம் சொடுக்கி, எஸ்எச்ஏ-256 என்பதைத் தேர்ந்தெடுங்கள். 64 குறிகள் கொண்ட ஓர் எண் வரும். கோப்புறைக்குள் ஒரே ஓர் எழுத்து மாறினாலும் இந்த எண் மாறிவிடும். அதை அச்சிட்டு வையுங்கள். ஐந்தாம் படியில் வேண்டும்.

4. எழுதும் முறை

வெற்று வட்டைச் செருகியதும் விண்டோஸ் ஒரு கேள்வி கேட்கும். வட்டை யூஎஸ்பி போலப் பயன்படுத்தவா, சிடி, டிவிடி பிளேயருக்கு ஏற்றபடி எழுதவா என்று. இரண்டாவதையே தேர்ந்தெடுங்கள். முதலாவதில் கோப்புகள் போட்டவுடன் ஏறுவது போலத் தெரியும். வட்டை ஒழுங்காக மூடாமல், அதாவது எழுதும் வேலையை முடித்துவைக்கும் கட்டளையைக் கொடுக்காமல், வெளியே எடுத்தால் மற்ற கணினிகள் அதைக் காலி வட்டு என்றே காட்டலாம்.

இரண்டாவது முறையிலும் ஒரு பொறி உண்டு. கோப்புகளை இழுத்துப் போட்டதும் அவை வட்டில் தெரியும், ஆனால் மங்கலாக, "எழுதக் காத்திருக்கும் கோப்புகள்" என்ற தலைப்பின் கீழ். அவை இன்னும் வன்தட்டில்தான் இருக்கின்றன. எழுதும் கட்டளையைத் தனியாகக் கொடுக்க வேண்டும். அது தெரியாமல் வட்டை எடுத்து, உறையில் போட்டு, ஆண்டு எழுதி அலமாரியில் வைத்தவர்கள் பலர்.

கையில் உள்ள பழைய வட்டில் ஏதாவது எழுதப்பட்டிருக்கிறதா என்பதைக் கருவி இல்லாமலேயே ஓரளவு அறியலாம். விளிம்பிலும் நடுத்துளையிலும் விரல் வைத்துப் பிடித்து, பளபளப்பான பக்கத்தை டியூப் லைட்டின் கீழ்ச் சாய்த்துப் பாருங்கள். எழுதப்பட்ட பகுதி நடுவிலிருந்து வெளிநோக்கி ஒரு வளையமாக, நிறத்தில் சற்று வேறுபட்டுத் தெரியும். வளையம் முடியும் இடத்தில் ஒரு தெளிவான கோடு இருக்கும். வட்டு முழுவதும் ஒரே நிறமாக இருந்தால், ஒன்று அது நிரம்பியிருக்கிறது, இல்லையேல் எதுவும் எழுதப்படவில்லை.

விண்டோஸின் வசதியைவிட 'இம்ஜ்பர்ன்' போன்ற தனி நிரல் எனக்குப் பிடிக்கும். வேகத்தையும் சரிபார்ப்பையும் அதில் நாமே தீர்மானிக்கலாம். இலவசம்தான், ஆனால் நிறுவும்போது வேறு நிரல்களையும் சேர்த்து ஏற்றப் பார்க்கும் பதிவிறக்கங்கள் உலவுகின்றன. ஒவ்வொரு பெட்டியையும் படித்துவிட்டு அழுத்துங்கள்.

வேகத்தை நடுத்தரமாக வையுங்கள். 16 மடங்கு வேகத்துக்கான டிவிடியை 8 மடங்கில் எழுதினால் போதும். டிவிடியின் ஒரு மடங்கு என்பது நொடிக்கு 1.385 மெகாபைட், ஆக முழு வட்டுக்கும் எட்டிலிருந்து பத்து நிமிடம்தான் ஆகும். மிகக் குறைந்த வேகம் இன்னும் நல்லது என்று நினைக்க வேண்டாம். இன்றைய வட்டுகளின் சாயம் அதற்கென்று அமைக்கப்படவில்லை.

வட்டை விளிம்புவரை நிரப்பாதீர்கள். உறையில் 4.7 ஜிகாபைட் என்று இருந்தாலும் விண்டோஸ் அதை 4.37 என்றுதான் காட்டும். அதிலும் நாலுக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். வட்டு உள்ளிருந்து வெளியே எழுதப்படுவது. விரல் படுவதும் வளைவதும் வெளி விளிம்பில்தான், பிழைகளும் அங்கேதான் அதிகம்.

எழுதி முடிந்ததும் வட்டை மூடும் தேர்வும், சரிபார்க்கும் தேர்வும் இயங்கும்படி வைத்திருங்கள்.

மின்சாரத்தை மறந்துவிடாதீர்கள். நம் பக்கம் பிற்பகல் இடி மழையில் மின்சாரம் போய் வருவது புதிதல்ல. எழுதும்போது நின்றால் அந்த வட்டு வீண். காலையில் எழுதுங்கள், பேட்டரி நிறைந்த மடிக்கணினியில் எழுதுங்கள். ரைட்டரை மடிக்கணினியின் துளையிலேயே நேராகச் செருகுங்கள். பல துளை உள்ள இணைப்பியில் செருகினால் போதிய மின்சாரம் கிடைக்காமல் பாதியில் நிற்கும். எழுதும் நேரத்தில் மேசையை ஆட்டாதீர்கள், வேறு வேலையும் வேண்டாம்.

5. வேறு கணினியில் திறந்து பாருங்கள்

"வெற்றிகரமாக முடிந்தது" என்று திரை சொன்னதோடு வேலை முடியவில்லை. வட்டை வெளியே எடுத்து, வேறொரு கருவியில், முடிந்தால் வேறொருவர் வீட்டுக் கணினியில் செருகுங்கள். எழுதிய கருவி தன் எழுத்தை எப்படியாவது படித்துவிடும். அடுத்தவர் கருவி படிக்க வேண்டும், அதுதான் சோதனை.

அங்கும் செவன்-ஜிப்பில் எஸ்எச்ஏ-256 எண்ணை எடுத்து, அச்சிட்ட எண்ணோடு ஒப்பிடுங்கள். ஒத்துப்போனால் கோப்புகள் பிசகின்றி வந்துள்ளன.

அடுத்து, பேக்கப் கோப்பை வட்டிலிருந்து வன்தட்டுக்கு நகல் எடுத்து, நிரலில் மீட்டுப் பாருங்கள். வட்டில் இருந்தபடியே திறக்க முயலாதீர்கள். நிரல் எழுத முயன்று முடியாமல் பிழை காட்டும். வட்டு கெட்டுவிட்டது என்று தவறாக முடிவுகட்டிவிடுவார்கள். நகல் எடுத்த பிறகும் திறக்காவிட்டால், கோப்பின் பண்புகளில் 'ரீட்-ஒன்லி' குறி இருக்கிறதா என்று பார்த்து எடுத்துவிடுங்கள். மீட்டதும், உங்களுக்குத் தெரிந்த ஓர் உறுப்பினரின் பெயரைத் தேடி, அவருடைய கடைசிச் சந்தாத் தொகையை ரசீதுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

முதல்முறை இவ்வளவுக்கும் அரை நாள் ஒதுக்குங்கள். பழகியபின் ஒரு மணி நேரம்.

6. பெயர் எழுதுவதும் வைப்பதும்

ஒட்டும் லேபிள் வேண்டாம். நாளடைவில் ஓரம் தூக்கி வட்டின் சமநிலையைக் கெடுக்கும். நீர் கலந்த மையுள்ள, வட்டுக்கென விற்கும் மெல்லிய முனைப் பேனாவால், நடுத்துளையைச் சுற்றியுள்ள தெளிவான வளையத்தில் ஆண்டையும் பிரதி எண்ணையும் எழுதுங்கள். மற்ற விவரங்களை உறையில் எழுதலாம். பந்துமுனைப் பேனாவால் அழுத்தி எழுதுவது சிடிக்கு ஆபத்து. சிடியில் தரவு அடுக்கு மேற்பக்க வண்ணப்பூச்சுக்கு நேர் கீழேதான் இருக்கிறது. கீழ்ப்பக்கக் கீறலைவிட மேற்பக்கக் கீறல்தான் அதைக் கொல்லும்.

துடைக்க வேண்டி வந்தால் மென்துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் ஒரே தடத்தில் நீளக் கீறல் விழும்.

அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனம் 2003-இல் வெளியிட்ட வழிகாட்டி, வட்டுகளை 4 முதல் 20 பாகை வெப்பத்திலும் 20 முதல் 50 விழுக்காட்டு ஈரப்பதத்திலும் வைக்கச் சொல்கிறது. நம் ஊரின் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் அந்த அளவு எட்டாது. ஆனால் நெருங்க முயலலாம். தகரக் கூரைக்கு நேர் கீழே, மேற்குச் சுவரை ஒட்டிய அலமாரியில், காரின் உள்ளே, ஆலயத்தில் கற்பூரப் புகை படும் இடத்தில் வைக்காதீர்கள். ஒவ்வொரு வட்டையும் கெட்டியான தனி உறையில் செங்குத்தாக நிறுத்தி, காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா பொட்டலத்தோடு மூடி, தரையிலிருந்து உயரமான இரும்பு அலமாரியில் வையுங்கள். வெள்ளம் வந்தால் கீழ்த்தட்டுதான் முதலில் நனையும்.

இரண்டு பிரதி எழுதுங்கள், இரண்டும் ஒரே கட்டடத்தில் இருக்கக் கூடாது. இரண்டாவதை வேறு ஊரிலுள்ள செயலவை உறுப்பினர் ஒருவரிடம் கொடுத்து, அதைக் கூட்டக் குறிப்பில் பதியுங்கள்.

உறுப்பினர்களின் அடையாள அட்டை எண்களும் முகவரிகளும் அதில் இருப்பதால் பூட்டு அவசியம். கோப்புக்குக் கடவுச்சொல் போடுவதானால் அதைத் தாளில் எழுதி, முத்திரையிட்ட உறையில் தலைவரிடம் கொடுங்கள். கடவுச்சொல் தெரிந்த ஒரே ஒருவர் ஊர் மாறிப்போனால் வட்டு இருந்தும் இல்லாததுதான். வேண்டாத வட்டை உடைத்துப் போடுங்கள், முழுசாகக் குப்பையில் வீசாதீர்கள்.

7. எப்போது எழுதுவது, எத்தனை ஆண்டு வைப்பது

1966-ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டப்படி, ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்த 60 நாள்களுக்குள் ஆண்டறிக்கையைச் சங்கப் பதிவு இலாகாவுக்கு அனுப்ப வேண்டும். அறிக்கை தயாராகும் அதே வாரத்தில் வட்டையும் எழுதிவிடுங்கள். தணிக்கை செய்த கணக்கும் கூட்டக் குறிப்பும் அப்போதுதான் ஒருங்கே கையில் இருக்கும். இது தவிர, கணினியைப் பழுதுபார்க்கக் கொடுக்கும் முன்பும், நிரலின் புதிய பதிப்பை ஏற்றும் முன்பும், நிர்வாகம் மாறும் முன்பும் ஒரு வட்டு.

சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு 1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் கணக்குகளை ஏழு ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது. சங்கத்துக்கும் அதையே குறைந்தபட்சமாக வையுங்கள். உறுப்பினர் பட்டியலையும் சந்தா வரலாற்றையும் எந்நாளும் அழிக்காதீர்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை பழைய வட்டுகள் எல்லாவற்றையும் செருகி, எஸ்எச்ஏ-256 எண்ணை அச்சிட்ட எண்ணோடு ஒப்பிடுங்கள். ஒரு வட்டு திறக்க வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்தாலோ, கருவி உள்ளே திரும்பத் திரும்ப வேகம் மாற்றும் சத்தம் கேட்டாலோ, அன்றைக்கே அதன் இரண்டாவது பிரதியிலிருந்து புதிய வட்டு எழுதுங்கள். குறையில்லாத வட்டுகளையும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதிதாக எழுதிவிடுவது என் வழக்கம்.

பழைய வட்டு ஒன்று படிக்கவே மறுத்தால் உடனே தூக்கி எறியாதீர்கள். துடைத்துவிட்டு, வேறு நிறுவனத்தின் கருவியில், பழைய மேசைக் கணினியின் கருவியில் என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஒரு கருவி படிக்காததை இன்னொன்று படிப்பது உண்டு. படித்தால், கிடைத்ததை உடனே வன்தட்டுக்கு எடுத்து, மூன்றாம் படியிலிருந்து தொடங்குங்கள்.